பைபாஸுக்குப் பிறகு எவ்வளவு நடக்கலாம்? இருதயத்தை நடக்கவிட்டுச் சோதித்த வரலாறு

இந்தக் கருத்தரங்கில் எனக்கு முன்னால் பேசியவர்கள் இருதய அறுவை சிகிச்சை எப்படி நடக்கிறது, உணவில் என்ன கவனம் தேவை என்பதையெல்லாம் விளக்கினார்கள். எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு அதற்குப் பிறகு வருவது. பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்தவர் தேறிவிட்டாரா, எந்த அளவுக்குத் தேறியிருக்கிறார் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

நம் வீடுகளில் இதற்கு ஒரு வழக்கமான ஏற்பாடு உண்டு. அப்பாவை அசையவிடாமல் பார்த்துக்கொள்வது. தண்ணீர்க் குவளையைக்கூட மகள் எடுத்துக் கொடுப்பார். பசாருக்குப் போக வேண்டாம், மாடிப்படி ஏற வேண்டாம், கோயிலுக்குப் போனால் ஓரமாக நாற்காலியில் உட்காருங்கள் என்பார்கள். எல்லாம் அன்பினால் செய்வதுதான். முதல் சில வாரங்களுக்கு அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் ஆறு மாதம் கழித்தும் அதே நாற்காலிதான் என்றால், நெஞ்சைப் பிளந்து அவ்வளவு பெரிய அறுவை சிகிச்சை எதற்காகச் செய்தார்கள்?

இந்தப் பயம் நம் வீடுகளில் பிறந்தது அல்ல. மருத்துவர்களே ஒரு காலத்தில் உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தது. அவர்கள் அதிலிருந்து எப்படி வெளியே வந்தார்கள் என்பதைப் பார்ப்போம்.

விறகு அறுத்த நோயாளி

1768ஆம் ஆண்டு லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர், அரச மருத்துவர் கல்லூரியில் ஓர் உரை நிகழ்த்தினார். நடக்கும்போது, முக்கியமாக மேட்டில் ஏறும்போதோ சாப்பிட்டவுடன் நடக்கும்போதோ, சிலருக்கு நெஞ்சில் தாங்க முடியாத இறுக்கம் வருகிறது. நின்றுவிட்டால் அது மறைந்துவிடுகிறது என்று அவர் விவரித்தார். ஆஞ்சைனா என்று இன்று நாம் சொல்லும் நெஞ்சுவலிக்கு அந்தப் பெயரைக் கொடுத்தவர் அவர்தான். அவரிடம் இசிஜி இல்லை, ஸ்டெதாஸ்கோப்பும் இல்லை. நோயாளி எப்போது நிற்கிறார், எப்போது நடக்கிறார் என்று கேட்டே நோயை அடையாளம் கண்டார். மறைந்திருக்கும் இருதய நோய் உடல் உழைக்கும்போது வெளியே வரும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

அவர் இன்னொன்றையும் எழுதிவைத்தார். அவருக்குத் தெரிந்த ஒரு நோயாளி தினமும் அரை மணி நேரம் விறகு அறுப்பதை ஒரு கடமையாக வைத்துக்கொண்டாராம். அவருக்கு நோய் ஏறக்குறையக் குணமாகிவிட்டதாம். இது ஹெபர்டன் இறந்த பிறகு, 1802இல் அச்சில் வந்தது. உழைப்பு நோயைக் காட்டும், அளவோடு செய்தால் நன்மையும் செய்யும் என்ற இரண்டு செய்திகளும் ஒரே மருத்துவரின் குறிப்புகளில் இருந்தன. ஆனால் அந்த விறகு அறுத்தவரை மருத்துவ உலகம் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை.

ஆறு வாரப் படுக்கை

1912இல் சிகாகோ நகர மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு ஏற்பட்டாலும் மனிதர் பிழைத்திருக்கக்கூடும் என்று காட்டினார். அதுவரை மாரடைப்பு என்றால் உடனடி மரணம் என்றே எண்ணியிருந்தார்கள். பிழைத்தவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு மருத்துவர்கள் கண்ட பதில் படுக்கை. ஆறு வாரம், சில சமயம் அதற்கும் மேல். தாதி ஊட்டிவிடுவார், நோயாளி தானாகப் புரண்டு படுக்கவும் கூடாது. இறந்துபோன இருதயத் தசை தழும்பாக இறுகுவதற்கு ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும், அதற்குள் அசைந்தால் இருதயம் கிழிந்துவிடும் என்பது காரணம்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் படுத்தே கிடந்தவர்களின் கால்களில் இரத்தம் உறைந்தது. அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துப் பலர் இறந்தார்கள். எழுந்து வந்தவர்களோ இனி நான் ஒன்றுக்கும் ஆகாதவன் என்ற எண்ணத்தோடு வீடு திரும்பினார்கள்.

1952இல் பாஸ்டன் நகரில் சாமுவேல் லிவைன் என்ற மூத்த மருத்துவரும் பெர்னார்ட் லவுன் என்ற இளம் மருத்துவரும் 81 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாரடைப்பு வந்த சில நாட்களுக்குள் அவர்களைக் கட்டிலிலிருந்து இறக்கி, சாய்வு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவ்வளவுதான் செய்தது! அதற்கே மருத்துவமனைக்குள் கடும் எதிர்ப்பு இருந்ததாக லவுன் பின்னாளில் எழுதியிருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்த யாருக்கும் அதனால் இருதயம் கிழியவில்லை. (அணு ஆயுதங்களுக்கு எதிரான உலக மருத்துவர் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரும் இதே லவுன்தான். அந்த இயக்கம் 1985இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றது.)

பொதுமக்கள் மனத்தை மாற்றியது வேறொரு சம்பவம். 1955 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தது. அவரைக் கவனித்த பால் டட்லி வைட், நடைப்பயிற்சியையும் சைக்கிளையும் வலியுறுத்தி வந்தவர். அடுத்த ஆண்டே ஐசன்ஹோவர் மீண்டும் தேர்தலில் நின்று வென்று, 1961 வரை பதவியில் இருந்தார்.

படுக்கை எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதை அளந்து காட்டியது 1966இல் டல்லாஸ் நகரில் நடந்த ஆராய்ச்சி. 20 வயதுள்ள, நோய் எதுவும் இல்லாத ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. 30 ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மறுபடியும் சோதித்தார்கள். 30 ஆண்டு மூப்பு செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகமாக இருந்தது. இளைஞர்களுக்கே அப்படி என்றால், 60 வயதில் அறுவை சிகிச்சை முடிந்து கட்டிலில் கிடப்பவரின் கதி என்ன?

இரண்டு படியும் ஓடும் பட்டையும்

சரி, நடக்கச் சொல்லலாம். ஆனால் எவ்வளவு? அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும்.

1929இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஆர்தர் மாஸ்டர் இரண்டே படிகளைக் கொண்டு ஒரு சோதனையை வகுத்தார். ஒவ்வொரு படியும் ஒன்பது அங்குல உயரம். ஒன்றரை நிமிடத்துக்கு ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். வயது, எடை, ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து எத்தனை முறை என்று அட்டவணை போட்டிருந்தார். முதலில் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் மட்டும் பார்த்தார்கள். பிற்பாடு இசிஜியும் சேர்ந்தது. ஆனால் ஏறி முடித்த பிறகுதான் இசிஜி எடுக்க முடியும். பலமுள்ளவருக்கு அது போதாது, பலவீனருக்கு அதுவே அதிகம்.

அந்தக் குறையைத் தீர்த்தவர் சியாட்டல் நகரின் ராபர்ட் புரூஸ். பழைய காரை வாங்குபவர் ஓட்டிப் பார்க்காமல் வாங்குவாரா என்று அவர் கேட்பதுண்டு. டிரெட்மில் எனப்படும் ஓடும் பட்டையில் நோயாளியை நடக்கவிட்டு, நடக்கும்போதே இசிஜியைப் பார்த்தார். 1963இல் அவர் வெளியிட்ட முறைதான் இன்றும் உலகம் முழுவதும் இருக்கிறது. மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 விழுக்காடு ஏற்றம் என்று தொடங்கி, மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் ஏற்றமும் கூடும். எந்தக் கட்டம் வரை போனார் என்பதே அவருடைய இருதயத்தின் மதிப்பெண்.

ஆபத்து இல்லையா என்று கேட்பீர்கள். 1971இல் அமெரிக்காவில் 73 மருத்துவ நிலையங்களிலிருந்து சுமார் 1,70,000 சோதனைகளின் விவரத்தைத் திரட்டினார்கள். மரணம் 10,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இருந்தது. மருத்துவர் பக்கத்தில் இருக்க, தகுந்தவர்களை மட்டும் ஏற்றினால் இது பாதுகாப்பான சோதனை என்று அன்றே உறுதியாயிற்று.

நோயாளி சொன்னால் போதாதா?

எனக்கு இப்போது வலியே இல்லை டாக்டர் என்று நோயாளி சொல்லும்போது தனியாக ஒரு சோதனை எதற்கு? இதற்குப் பதிலாக ஒரு பழைய சம்பவம் இருக்கிறது.

1950களில் நெஞ்சுவலிக்கு ஓர் எளிய அறுவை சிகிச்சை பிரபலமாக இருந்தது. மார்பின் உட்சுவரில் ஓடும் தமனியைக் கட்டிவிட்டால் அந்த இரத்தம் இருதயத்துக்குத் திரும்பும் என்றார்கள். செய்துகொண்டவர்களில் பலரும் வலி குறைந்துவிட்டது என்று மகிழ்ந்தார்கள். 1959இல் சியாட்டலில் லெனார்ட் காப் என்பவரும் அவருடைய குழுவினரும் 17 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். எட்டுப் பேருக்குத் தமனியைக் கட்டினார்கள். ஒன்பது பேருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பின்னர் பரிசோதித்தவருக்கும் தெரியாது. இரண்டு பிரிவினரும் ஒரே மாதிரி குணம் தெரிவதாகச் சொன்னார்கள்! அந்த அறுவை சிகிச்சை அத்தோடு மறைந்தது. அக்கட்டுரையை எழுதியவர்களில் டிரெட்மில் புரூஸும் ஒருவர். நோயாளி பொய் சொல்லவில்லை. நம்பிக்கையே வலியைக் குறைக்கும் வல்லமை உள்ளது. ஆகவே நோயாளியின் வாக்குமூலத்தோடு வேறு சாட்சியும் வேண்டியிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. அன்று வீணாகக் கட்டிப்போட்ட அதே மார்புத் தமனிதான் இன்றைய பைபாஸில் மிக நீண்ட காலம் உழைக்கும் மாற்றுக் குழாய்.

பைபாஸ் வந்தது, வேலைக்குத் திரும்பினார்களா?

அர்ஜெண்டினாவின் கிராமம் ஒன்றில் பல ஆண்டுகள் மருத்துவராக இருந்துவிட்டு அமெரிக்கா சென்ற ரெனே ஃபவலோரோ, 1967 மே மாதம் கிளீவ்லாந்து மருத்துவமனையில் காலிலிருந்து எடுத்த இரத்தக் குழாயைக் கொண்டு அடைப்பைத் தாண்டி வழி அமைத்தார். பேச்சு வழக்கில் 'காலிலிருந்து நரம்பு எடுத்தார்கள்' என்கிறோம். அது நரம்பு அல்ல, சிரை. அவருக்கு முன்பே 1964இல் லெனின்கிராட்டில் கொலெசோவ் என்பவர் மார்புத் தமனியைக் கொண்டு இதைச் செய்திருந்தார் என்றாலும், உலகம் முழுவதும் பரவியது ஃபவலோரோவின் முறைதான்.

நம் நாட்டிலும் இதற்கு எல்லாரும் அறிந்த ஓர் உதாரணம் உண்டு. அரசியலை ஒதுக்கிவைத்துவிட்டுப் பாருங்கள். அன்றைய பிரதமர் மகாதீர் 1989 ஜனவரியில், வெளிநாடு போகாமல் கோலாலம்பூர் பொது மருத்துவமனையிலேயே பைபாஸ் செய்துகொண்டார். 2007இல் தேசிய இருதயக் கழகத்தில் இரண்டாவது பைபாஸ். 2018இல் 92 வயதில் மறுபடியும் பிரதமரானார். எல்லாராலும் அப்படி முடியும் என்று நான் சொல்லவில்லை. நாற்காலிதான் முடிவு என்பது தவறு என்பதற்கு இது போதும்.

புதிய அறுவை சிகிச்சை உண்மையில் பலன் தருகிறதா என்று பார்க்க, 1970களில் அமெரிக்காவில் காஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பெரிய ஆய்வு தொடங்கியது. 780 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு பைபாஸ், இன்னொன்றுக்கு மருந்து. 1983இல் முடிவுகள் வெளிவந்தன. பைபாஸ் செய்துகொண்டவர்கள் டிரெட்மில்லில் அதிக நேரம் நடந்தார்கள், வலி குறைவு, இசிஜி மாற்றங்களும் குறைவு. சியாட்டலின் பழைய கதை போல இது வெறும் நம்பிக்கை அல்ல என்று இயந்திரமே சாட்சி சொன்னது.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருந்தது. வேலைக்குப் போவதிலும் பொழுதுபோக்குகளில் ஈடுபடுவதிலும் இரண்டு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இருதயம் கூடுதலாக உழைக்கத் தயாராக இருந்தும் வாழ்க்கை மாறவில்லை. இந்த வரலாற்றில் நாம் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து. வேலைக்குத் திரும்பாததற்கு வயது, முதலாளி, ஓய்வூதியம் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் பயமும் ஒரு காரணம். அந்தப் பயம் நோயாளியிடம் மட்டும் இருக்கவில்லை.

மனைவிமார் ஏறிய இயந்திரம்

கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டிபஸ்க் என்ற இருதய மருத்துவரும் அவருடைய சகாக்களும், புகழ்பெற்ற உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுராவுடன் சேர்ந்து ஒரு சிறிய ஆராய்ச்சி செய்தார்கள். 1985இல் அது வெளிவந்தது. பைபாஸ் செய்தவர்கள் அல்ல, மாரடைப்பு வந்து சிக்கலின்றித் தேறிய 30 ஆண்கள். மாரடைப்புக்குச் சில வாரங்களிலேயே அவர்கள் டிரெட்மில்லில் ஏறினார்கள். ஆராய்ந்தது அவர்களுடைய மனைவிகளை.

பத்து மனைவிகள் வெளியே காத்திருந்தார்கள். பத்துப் பேர் உள்ளே நின்று கணவர் நடப்பதைப் பார்த்தார்கள். மீதிப் பத்துப் பேர் பார்த்ததோடு, கணவர் எட்டிய உச்சக் கட்டத்தில் தாங்களும் மூன்று நிமிடம் அந்த இயந்திரத்தில் நடந்தார்கள். பிறகு எல்லாரிடமும் கேட்டார்கள்: உங்கள் கணவரின் இருதயம் எவ்வளவு தாங்கும் என்று நினைக்கிறீர்கள்?

காத்திருந்தவர்களும் பார்த்தவர்களும், கணவர் தன்னைப் பற்றி நினைப்பதைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். பார்த்தவர்களுக்குக்கூடப் பயம் பெரிதாகக் குறையவில்லை. வியர்த்து மூச்சு வாங்கும் கணவரைப் பார்த்தால் யாருக்குத்தான் தைரியம் வரும்? தாங்களே நடந்து பார்த்தவர்களின் மதிப்பீடு மட்டும் உயர்ந்து, கணவரின் நம்பிக்கைக்கு ஈடாக நின்றது. எனக்கே கால் வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது, இவர் இதைத் தாண்டி வந்திருக்கிறாரே என்பதை அவர்கள் உடம்பால் உணர்ந்துவிட்டார்கள். முப்பதே பேர்தான், சிறிய ஆராய்ச்சி. ஆனாலும் வீட்டில் ஒரு நோயாளி எவ்வளவு நடப்பார் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அடுப்படியிலிருந்து வரும் குரல் என்பதை நாம் அறிவோம்.

அதே ஸ்டான்ஃபோர்ட் குழுவினர் 1988இல், மாரடைப்பிலிருந்து தேறிய 201 பேரிடம் இன்னொன்றையும் காட்டினார்கள். டிரெட்மில் சோதனையை வைத்து நீங்கள் வேலைக்குப் போகலாம் என்று தெளிவாக எழுதிக் கொடுத்தவர்கள் சராசரியாக 51 நாட்களில் வேலைக்குத் திரும்பினார்கள். மற்றவர்களுக்கு 75 நாட்கள் ஆயின.

பைபாஸுக்குப் பின் சோதனை

இனி நம் விஷயத்துக்கு வருவோம். பைபாஸ் செய்தவருக்கு நெஞ்செலும்பை அறுத்துக் கம்பியால் கட்டியிருப்பார்கள். அது கூட ஏறத்தாழ இரண்டு மாதம், சிலருக்கு மூன்று மாதம் ஆகும். பாரம் தூக்காதே, கையை ஊன்றி எழாதே என்பது இந்த எலும்புக்காக, இருதயத்துக்காக அல்ல. இது பல வீடுகளில் தெரிவதில்லை. எலும்பு கூடிய பிறகும் அதே தடையை வருடக்கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

மருத்துவமனையிலிருந்து அனுப்பும் முன் ஆறு நிமிட நடைச் சோதனை செய்வதுண்டு. 30 மீட்டர் நடைபாதையில் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளப்பார்கள். இயந்திரம் தேவையில்லை. சில வாரங்கள் கழித்து டிரெட்மில் அல்லது சைக்கிள். புரூஸ் முறையின் முதல் கட்டமே சிலருக்குக் கடினம் என்பதால் ஏற்றமே இல்லாமல் தொடங்கும் மாற்று முறையும் உண்டு. துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு '220 கழித்தல் வயது' என்ற கணக்கு பொருந்தாது. எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று 6 முதல் 20 வரை எண்ணால் சொல்லச் சொல்வார்கள். சுவீடனின் குன்னர் போர்க் வகுத்த அளவுகோல் அது. நின்ற பிறகு துடிப்பு எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதும் முக்கியம். முதல் நிமிடத்தில் 12 அல்லது அதற்குக் குறைவாகவே இறங்கினால் அது நல்ல அறிகுறி அல்ல என்று 1999இல் கிளீவ்லாந்து மருத்துவர்கள் காட்டினார்கள்.

முடிவை 'மெட்' என்ற கணக்கில் சொல்வார்கள். சும்மா உட்கார்ந்திருக்க உடலுக்குத் தேவையான ஆற்றல் 1 மெட். சமதரையில் சாதாரண நடை 3 மெட்டுக்குச் சற்று மேல். புரூஸ் முறையின் முதல் கட்டம் ஏறத்தாழ 5, இரண்டாவது 7. பத்துமலைக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கும் இதில் விடை இருக்கிறது. படிகளை மெதுவாக ஏறினால் 4 மெட் போலவும், விரைந்து ஏறினால் 8 மெட்டுக்கு மேலும் ஆகும். 7 மெட் வரை சிரமமின்றி நடந்தவருக்கு, 272 படிகளையும் இடையிடையே நின்று, கூட்டமில்லாத நாளில், மெதுவாக ஏற மருத்துவர் அனுமதி தர வாய்ப்பு அதிகம். தைப்பூச நெரிசலும் காவடியும் வேறு கணக்கு. 2002இல் 6,213 ஆண்களை ஆராய்ந்தபோது, தாங்கும் திறன் 1 மெட் கூடினால் உயிர்வாழும் வாய்ப்பு 12 விழுக்காடு கூடுவதாகக் கண்டார்கள். பயிற்சியால் கூட்டக்கூடிய எண் இது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எந்தத் தொல்லையும் இல்லாதவர், எங்காவது மீண்டும் அடைத்திருக்கிறதா என்று ஆண்டுதோறும் தேடுவதற்கு இந்தச் சோதனை அல்ல. பைபாஸ் செய்தவரின் இசிஜி ஏற்கெனவே மாறியிருக்கக்கூடும். அதை மட்டும் வைத்து அடைப்பைச் சொல்வது கடினம். அதனால்தான் வலி திரும்பியவர்களுக்கு எக்கோ போன்ற படச் சோதனையும் சேர்க்கிறார்கள். ஸ்டென்ட் வைத்த 1,706 பேரிடம் தென்கொரியாவில் நடந்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. ஓர் ஆண்டு கழித்து எல்லாருக்கும் வழக்கமாகச் சோதனை செய்ததால் இறப்போ மாரடைப்போ குறையவில்லை. எவ்வளவு உழைக்கலாம் என்று அளப்பதற்கும், இல்லாத நோயைத் துருவுவதற்கும் வித்தியாசம் உண்டு.

மருத்துவர் தேதி கொடுத்தால் நல்ல சப்பாத்து போட்டுக்கொண்டு போங்கள். வழக்கமான மாத்திரைகளைச் சாப்பிடலாமா, நிறுத்த வேண்டுமா என்று முன்னதாகவே கேளுங்கள். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அந்த நொடியே சொல்லுங்கள். முடிந்ததும் எத்தனை மெட், துடிப்பு எவ்வளவு ஏறியது, முதல் நிமிடத்தில் எவ்வளவு இறங்கியது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மனைவியும் உள்ளே வரலாமா என்று கேட்டுப் பாருங்கள். இயந்திரத்தில் அவரை ஏற்றச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு தாமான் பூங்காவில் உங்களோடு அதே வேகத்தில் அவர் நடந்தால் போதும்.